குன்னூரிலிருந்து ஒரு நாள்: கடலா, சறுக்கா, இரண்டுமா?

பரீட்சை முடிந்து பள்ளி மூடும் நேரத்தில் எங்கள் பகுதி வீடுகளில் தவறாமல் எழுகிற கேள்வி இது. பிள்ளைகளுக்குக் கடலும் வேண்டும், தண்ணீர்ச் சறுக்கும் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரே ஒரு நாள்தான் விடுப்பு. கூடவே முட்டி வலிக்கிற பாட்டியும் உண்டு, பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற கடைக்குட்டியும் உண்டு. சென்னைத் திருவான்மியூரில் இருப்பவர் காலைச் சாப்பாடு முடிந்தபின் யோசித்தால்கூட மதியத்துக்குள் ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பூங்கா ஒன்றின் டிக்கெட் கவுண்டரில் நிற்கலாம். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர்க்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. நாம் முதலில் மலை இறங்க வேண்டும். அதைவிட முக்கியம், அன்றிரவோ மறுநாளோ திரும்ப ஏறியாக வேண்டும்.

அதனால் கிலோமீட்டர் கணக்கை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குடும்பம் எத்தனை மணி நேரம் விழித்தபடி வண்டியில் உட்கார வேண்டும், அன்றிரவு எங்கே தூங்கப் போகிறது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். நீலகிரியிலிருந்து போகக்கூடிய நான்கு வழிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் எது யாருக்கு ஏற்றது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

மலையடிவாரத்திலேயே முடித்துக்கொள்வது

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரும் சாலையில், கல்லாறு வருவதற்கு முன்பே பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது. குன்னூரிலிருந்து ஒன்றே கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கோத்தகிரிக்காரர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். காலை எட்டரைக்குக் கிளம்பினால் போதும். பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். அறை வாடகை இல்லை, ரயில் டிக்கெட் இல்லை. வீட்டில் ஆடு மாடு இருப்பவர்கள், வாரத்துக்கு ஒரே நாள் விடுப்பு கிடைக்கிறவர்கள், தோட்டத்தில் இலை எடுக்க வேண்டிய வாரத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது ஒன்றுதான் நடைமுறையில் சாத்தியம். அதை ஒரு குறையாக நினைக்கத் தேவையில்லை.

இதில் கடல் இல்லை. அலைக்குளம் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு அலைக்குளமே கடல்தான். மணி அடித்ததும் தண்ணீர் மெல்ல மெல்ல ஊதிக்கொண்டு வரும்போது முழங்கால் ஆழத்தில் நின்று கத்துகிற கத்தலைக் கேட்டால் அந்தக் குழந்தைக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை என்று புரியும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் இந்தச் சமாதானம் செல்லாது. "கடல் எங்கே?" என்று அது கேட்கும், அப்படிக் கேட்க அதற்கு உரிமையும் உண்டு.

இந்த வழியில் கவனம் தேவைப்படுவது திரும்பும் நேரத்தில்தான். நாலரை மணிக்கே தண்ணீரிலிருந்து ஏற்றிவிட வேண்டும். இருட்டிய பிறகு கல்லாறு, பர்லியாறு பக்கமும் கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனைப் பக்கமும் யானைகள் சாலைக்கு வரும். பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். மேலே வர வர மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். நாள் முழுக்கச் சறுக்கில் சுற்றிவிட்டு வந்த வயிறு, குன்னூர்ப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்குவது கஷ்டம். கிளம்புவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காமல், ஒரு எலுமிச்சைச் சாறோ ரெண்டு இட்லியோ கொடுத்து, வாந்தி வரும் பிள்ளையை முன் சீட்டில் உட்கார வையுங்கள். செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள், வளைவில் திரையைப் பார்த்தால் தலை சுற்றும். தலைமுடியை நன்றாகத் துவட்டிக் காயவைத்து, ஸ்வெட்டரைப் பையின் மேலாகவே வைத்திருங்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஈரத் தலையோடு அந்த உயரத்தை ஒரே மாலையில் ஏறுகிற பிள்ளை குளிரில் நடுங்கிவிடும்.

கோவைக்குள் கோவைக் கொண்டாட்டமும், பாலக்காட்டுப் பக்கம் மலம்புழாவில் ஃபேன்டஸி பார்க்கும் இதே ரகம். மேட்டுப்பாளையத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் போவதால் கூடுதலாகக் கடல் கிடைத்துவிடப் போவதில்லை. கோவையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் போங்கள்.

கடல் மட்டும் போதும் என்றால் கோழிக்கோடு

நீலகிரி மாவட்டத்துக்கு மிக அருகில் இருக்கும் கடல் அரபிக் கடல். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குன்னூரில் இருக்கும் நாம்தான் கடல் என்றாலே சென்னை என்று நினைத்துக்கொள்கிறோம். கூடலூரிலிருந்து நாடுகாணி இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர் வழியாகப் போனால் நாலு மணி நேரத்துக்குள் கோழிக்கோடு. ஊட்டியிலிருந்து என்றால் இன்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள்ளேயே நீளமான கடற்கரை. மாலையில் தள்ளுவண்டியில் கண்ணாடிப் பாட்டில்களை வரிசையாக அடுக்கி, உப்பிலும் காந்தாரி மிளகாயிலும் ஊறிய நெல்லிக்காய், மாங்காய், அன்னாசித் துண்டுகளை விற்பார்கள். 'உப்பிலிட்டது' என்று கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் கண்ணில் நீர் வர வர இன்னொரு துண்டு கேட்பார்கள். மிட்டாய்த் தெருவில் அல்வாவும் நேந்திரங்காய் சிப்ஸும். நகரத்துக்கு வடக்கே காப்பாடு கடற்கரை இருக்கிறது. 1498-இல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் இடம். சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றை 2020-இல் இந்தியாவில் முதன்முதலாகப் பெற்ற எட்டுக் கடற்கரைகளில் அதுவும் ஒன்று. கழிப்பறை, உடை மாற்ற அறை, நடக்கச் சரியான பாதை இதெல்லாம் கைக்குழந்தையோடும் பாட்டியோடும் போகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போய் நின்றவர்களுக்குத் தெரியும்.

இதில் தண்ணீர்ப் பூங்காவைத் தேடி அலைய வேண்டாம். ஒரு இரவு தங்கி, மாலையும் மறுநாள் காலையுமாகக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கூடலூர்க் குடும்பங்களுக்கு நான் சொல்லும் முதல் தேர்வு இதுதான். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குச் சாலையில் உட்காரும் நேரம் கூடுவதால் இரண்டாம் இடம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் கேரளக் கடல் பொங்கிக்கொண்டிருக்கும். நாடுகாணி மலைப்பாதையிலும் மண் சரியும். அப்போது போக வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களிலும் ஒரு ஆபத்து உண்டு. கேரள மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் வானம் வெளுத்திருக்கும்போதே அலை திடீரென்று கரையேறி வரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயற்காற்று எழுப்பிய அலைதான் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து மோதுகிறது. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புகிற அன்று காலையில் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். அவர்கள் குழந்தைகள் அல்ல, வளர்ந்த பிள்ளைகள்.

கொச்சி: வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு

கொச்சி வொண்டர்லா 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது. நம் ஊரில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அந்தப் பெயரில்தான் அதைப் பார்த்திருப்பார்கள். தண்ணீர்ச் சறுக்கும் தரையில் சுற்றும் பெரிய ராட்டினங்களும் சேர்ந்த இடம். பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் மனம் முழுக்க நிறையும். பத்து வயதுக்குக் கீழே இருந்தால் பாதி ராட்டினங்களின் வாசலில் உயரம் அளக்கும் கோலோடு நிற்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். தூரத்திலிருந்து ஆசையோடு வந்த குழந்தையை வரிசையின் கடைசியில் வைத்துத் திருப்புவது மனதைப் பிசைகிற காட்சி. கிளம்பும் முன்பே வீட்டுச் சுவரில் பிள்ளையின் உயரத்தை அளந்து, பூங்காவின் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் என்ன உயரம் கேட்கிறார்கள் என்று ஒப்பிட்டுவிடுங்கள். "இது உனக்கு உண்டு, இது அடுத்த முறை" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டால் அங்கே அழுகை வராது.

பூங்கா இருப்பது பள்ளிக்கரையில், கடலிலிருந்து உள்ளே தள்ளி. குளிப்பதற்கு ஏற்ற செராய் கடற்கரை வைப்பின் தீவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கொச்சி நகரப் போக்குவரத்து. ஒரே நாளில் இரண்டும் என்பது காகிதத்தில்தான் நடக்கும். கோவையிலிருந்து கொச்சிக்கு அருகிலுள்ள ஆலுவாவுக்கு ரயிலில் சுமார் நாலு மணி நேரம். மலை இறங்குவதையும் சேர்த்தால் போகிற நாள் பயணத்திலேயே போய்விடும். இரண்டு இரவு தங்க முடிந்தால் ஒரு நாள் பூங்கா, ஒரு காலை செராய் என்று அழகாக அமையும். ஒரு இரவுதான் என்றால் கொச்சியை விட்டுவிடுங்கள்.

இரண்டும் ஒரே நாளில் வேண்டும் என்றால் ஈசிஆர்

தூரத்தில் இதுதான் மிக அதிகம், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் கடலும் சறுக்கும் ஒரே நாளில் வேண்டும் என்கிற குடும்பத்துக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். காரணம் நீலகிரி எக்ஸ்பிரஸ். இரவு ஒன்பது மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, காலை ஆறு மணியளவில் சென்னை சென்ட்ரல். அன்றிரவே அதே நேரவாக்கில் சென்னையில் ஏறினால் மறுநாள் காலை மேட்டுப்பாளையம். வழியில் ஏழு எட்டு மணி நேரம் விழித்துக்கொண்டு உட்காரும் கொச்சிப் பயணத்தைவிட, படுத்துத் தூங்கிக்கொண்டே போகும் இந்தப் பயணம் பிள்ளைக்கும் பாட்டிக்கும் உடம்புக்கு இதம். கண் விழிக்கும்போது ஊர் வந்திருக்கும்.

ஈசிஆரில் கடலும் பூங்காவும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம், அதைத் தாண்டியதும் கோவளம் கடற்கரை. 2021-இல் நீலக்கொடி பெற்ற கடற்கரை அது. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லாவும் வந்துவிட்டது. அது ஓஎம்ஆர் எனும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம், கடற்கரையை ஒட்டியது அல்ல. பெரிய பிள்ளைகளுக்காக மட்டும் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். கடலும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு முட்டுக்காடு, கோவளம் பகுதிதான் வசதி.

நேரமும் நன்றாகப் பொருந்துகிறது. சென்ட்ரல் காத்திருப்பு அறையில் முகம் கழுவி உடை மாற்றி, டிபன் முடித்து, எட்டு மணிக்குள் கோவளம் மணலில் நிற்கலாம். பூங்காக்கள் பத்து, பத்தரைக்கு மேல்தான் திறக்கும். அந்த இரண்டு மணி நேரம் கடலுக்கு. வெயில் ஏறுவதற்குள் மணலை உதறிவிட்டுப் பூங்காவுக்குள் போய்விடலாம். மாலை ஐந்து மணிக்கு வெளியே வந்தால் சென்ட்ரலுக்குத் திரும்பப் போதிய நேரம் இருக்கும். ஈசிஆரின் மாலை நெரிசலுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். வாடகை வண்டி கட்டுப்படியாகாது என்றால், சென்ட்ரலுக்கு எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து ஈசிஆர் பேருந்து.

கடல் முதலில், பூங்கா பிறகு என்ற இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். நம் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. மலையில் கற்றுக்கொள்ள இடமும் குறைவு, தண்ணீரும் குளிர். அலைக்குளத்தில் தரை சீராக இருக்கும், அலை இடைவெளி விட்டுத்தான் வரும், மேலே விசிலோடு ஆள் நிற்பார். அதில் மூன்று மணி நேரம் குதித்த பிள்ளை, அலை என்றால் இவ்வளவுதான் என்ற துணிச்சலோடு கடலுக்குள் ஓடும். கடலில் காலடி மணலை அடுத்த அலை உருவிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, நிறம் மங்கித் தெரிந்தால் அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் இழுக்கிறது என்று அர்த்தம். பார்க்க அமைதியாக இருப்பதால் தெரியாதவர்கள் அங்கேயே இறங்குவார்கள். காலையில், பயம் தெளியாத கண்ணோடு, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் ஆழத்தில் நிற்பதுதான் கடலோடு ஏற்படும் சரியான முதல் பழக்கம். அதற்கு மேல் ஆழம் வேண்டாம், அதுவும் உயிர்காக்கும் ஆட்கள் நிற்கும் இடத்தில் மட்டும்.

பாட்டி தாத்தா விஷயத்திலும் ஈசிஆருக்கு ஒரு தனிச் சௌகரியம் இருக்கிறது. பெரும்பாலான தண்ணீர்ப் பூங்காக்களில் புடவை, வேட்டி, ஜீன்ஸ், துப்பட்டாவோடு நீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான், லைக்ரா உடைதான். பருத்தித் துணி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், தொங்கும் துணி சறுக்கில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அது நியாயமான விதிதான். வெள்ளை முண்டு கட்டிய படுகர் பாட்டியோ புடவை கட்டிய நம் அம்மாவோ உடை மாற்றப் போவதில்லை. அவர்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து வெயிலில் பைகளுக்குக் காவல் இருப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. வாழ்நாளில் எப்போதோ ஒரு முறை கீழே இறங்கிக் கடலைப் பார்க்க வந்தவர்களை லாக்கர் பக்கத்தில் உட்கார வைப்பது அநியாயம். முட்டுக்காட்டில் எம்ஜிஎம் பக்கத்திலேயே தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அப்படியே மறுபடி கட்டிவைத்திருக்கும் இடம். 1996-இல் தொடங்கியது. திண்ணையில் உட்காரலாம், மரநிழலில் நடக்கலாம், நெசவும் பானை வனைவதும் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. குடும்பத்தில் ஒருவர் பெரியவர்களோடு அங்கே போகட்டும், மற்றவர் பிள்ளைகளோடு பூங்காவுக்கு. விஜிபி பக்கம் போகிறவர்களுக்கு அங்கேயே குளிரூட்டிய மீன் காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக் குகைக்குள் நடக்கும்போது தலைக்கு மேல் மீன்கள் நீந்தும். பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே அளவு வியப்பு தரும் இடங்கள் அபூர்வம், இது அதில் ஒன்று.

செலவில் ஈசிஆர் கொஞ்சம் கூடும். தங்கும் அறை தேவைப்படாததால் கொச்சி அளவுக்குப் போகாது. ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வரை படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். விடுமுறை நாட்களுக்கு அன்றே போட்டால்தான் கீழ்ப் படுக்கை கிடைக்கும், பாட்டிக்கு அது கட்டாயம். பூங்கா டிக்கெட்டில் வார நாளுக்கும் சனி ஞாயிறுக்கும் விலை வித்தியாசம் உண்டு. குழந்தைக் கட்டணத்தை வயது பார்த்தா உயரம் பார்த்தா முடிவு செய்கிறார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். உடையை அங்கே வாடகைக்கு எடுக்காமல் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ முன்பே வாங்கிவிடுவது நல்லது. முழுக்கை வைத்ததாக வாங்குங்கள், தோள் எரியாது.

எந்த மாதம்

இடத்தைவிட மாதம் முக்கியம் என்று நான் நினைப்பது ஈசிஆருக்குத்தான். மே மாதம் சென்னையில் கத்திரி வெயில். இங்கே ஸ்வெட்டரும் சால்வையுமாக வளர்ந்த உடம்பு அந்த வெக்கைக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் பழகாது. தண்ணீரில் இருக்கும் பிள்ளைக்குத் தாகம் தெரியாது, சாயங்காலம் தலைவலி, வாந்தி, காய்ச்சல் என்று படுத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கீழே புயல், மேலே நம் மலைப்பாதையில் மண்சரிவு, மலை ரயிலும் அடிக்கடி ரத்து. மிச்சம் இருப்பது ஜனவரியும் பிப்ரவரியும். நமக்கு உறைபனி விழும் நாட்கள், அங்கே இதமான வெயில். பொங்கல் விடுமுறை பள்ளிக்கும் வேலைக்கும் ஒன்றாக வரும். காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள். சென்னையே அன்று கடற்கரையில் இருக்கும், கடலில் இறங்கவும் காவல்துறை விடாது. விடுமுறை ஒட்டி வரும் ஒரு வேலைநாளை எடுத்துக்கொண்டால் சறுக்கு வரிசையில் நிற்கும் நேரம் பாதியாகக் குறையும்.

மே மாதம் ஒன்றுதான் வாய்க்கும் என்கிற குடும்பங்களுக்கு: அந்த மாதம் மேட்டுப்பாளையத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கடலைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் விடும் ஒருவழி ஏற்பாடு வந்துவிடும், குன்னூர்க்காரர்களுக்கு இறங்கும் நேரம் கூடும். வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் சோதனை, டிஎன் 43 என்ற நம் மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு இல்லை என்றாலும் கல்லாறு பக்கம் வரிசையில் எல்லோரும்தான் நிற்க வேண்டும். மலர்க் கண்காட்சி வாரத்தையும் சனி ஞாயிறையும் தவிர்த்துச் செவ்வாய், புதனில் இறங்குங்கள். குடிநீரை வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப் போங்கள். கீழே வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலோடு திரும்பினால் சோதனைச் சாவடியில் அதையும் இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.